விலை இல்லாத பாகம் எங்கே போகிறது?

தமிழ்நாடு–கேரள எல்லையில் இருக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குக் கிழக்கே பழைய இரும்புக்காரர், மேற்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வந்தால் ஆக்ரிக்காரர். பெயர்தான் வேறு. பழைய மிக்சியைக் கையில் வாங்கியதும் இருவருக்கும் ஒரே கேள்விதான்: உள்ளே காப்பரா, அலுமினியமா?

அதை நாமே பார்த்துவிடலாம். மேலே வார்னிஷ் பூசியிருப்பதால் இரண்டுமே செம்பழுப்பாகத்தான் தெரியும். மோட்டார் காயிலில் ஒரு கம்பியை பிளேடு முனையால் சுரண்டுங்கள். வெள்ளையாக மின்னினால் அலுமினியம். வயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். மேலுறை பிவிசி, அது எரியும்போது டையாக்சின் என்ற நச்சு உண்டாகிறது, கூடவே இருக்கும் செம்பு அதைத் தூண்டிவிடுகிறது. எரித்த கம்பி கறுத்து, சுலபமாக ஒடியும். கடையில் உரித்த காப்பருக்குக் கிடைக்கிற விலை அதற்குக் கிடைக்காது. ஆக, புகையும் நமக்கே, நஷ்டமும் நமக்கே.

விலை உள்ள பாகத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை, அது எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும். விலை இல்லாததுதான் சிக்கல்.

ஃப்ரிட்ஜை எடுத்துக்கொள்வோம். பின்பக்கம் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் குழாயில் ஓடும் குளிர்விக்கும் வாயுவின் பெயராக ஆர்12, ஆர்134ஏ, ஆர்600ஏ என்று ஏதாவது ஒன்றும், எத்தனை கிராம் என்பதும் போட்டிருக்கும். ஆர்12 என்றால் ரொம்பப் பழைய பெட்டி. ஆர்134ஏ 120 கிராம் என்று இருந்து, அதை அப்படியே காற்றில் விட்டால், 170 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். பெட்ரோல் கணக்கில் ஏறத்தாழ 75 லிட்டர். கம்ப்ரசரைக் கழற்ற வருபவர் கட்டிங் பிளேயரால் குழாயை நறுக்கும்போது 'உஸ்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், எல்லாம் போயாச்சு. புதிய பெட்டிகளில் ஆர்600ஏ. சூழலுக்கு அது பரவாயில்லை, ஆனால் பற்றிக்கொள்ளும் வாயு. மூடிய அறையில் குழாயை வெட்டுவதும், பக்கத்தில் கேஸ் வெல்டிங் வைப்பதும் ஆபத்து.

சுவருக்குள் இருக்கும் மஞ்சள் ஃபோமை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பழைய பெட்டிகளில் அந்த ஃபோமை உப்ப வைத்ததே ஓசோனைக் கெடுக்கும் வாயுதான். குழாயில் இருப்பதைவிட அதில் அதிகம் இருக்கலாம். தகரத்துக்காகப் பெட்டியைப் பிளந்து ஃபோமைத் தோட்டத்தில் எரிப்பது, குழாயை வெட்டுவதைவிட மோசம். அதனால் ஃப்ரிட்ஜை முழுசாகக் கொடுங்கள், கம்ப்ரசரைத் தனியாக விற்க வேண்டாம். கொடுக்கும்வரை வெளியில் கிடக்கிறது என்றால் கதவை மட்டும் கீலோடு கழற்றி வையுங்கள். குழந்தைகள் உள்ளே ஏறி மாட்டிக்கொள்ளக் கூடாது.

டிவிக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2006 முதல் 2011 வரை கொடுத்த இலவச 14 அங்குல கலர் டிவிகள் ஒன்றரைக் கோடிக்கு மேல். எல்லையோரத்தில் பரணில் கிடப்பவற்றில் பல அவைதான். காயிலில் இருக்கும் செம்புக்காகப் பிக்சர் ட்யூபின் கழுத்தை உடைப்பார்கள். உள்ளே வெற்றிடம், அதனால் கண்ணாடி தெறிக்கும். கூம்புக் கண்ணாடியில் ஈயம். முன் கண்ணாடிக்கு உள்பக்கம் பாஸ்பர் என்ற ஒளிரும் தூள். ஓடும்போது ட்யூபின் அனோடில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கியும் நாள்கணக்கில்கூட நிற்கலாம். பின்மூடியை வீட்டில் திறக்காதீர்கள்.

இந்தக் கண்ணாடியை யார் எடுப்பார்கள்? 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இ-கழிவு விதிகள், தயாரிப்பாளர் மறுசுழற்சிக் கணக்கு காட்ட வேண்டும் என்கின்றன. பட்டியலும் 21 பொருளிலிருந்து 106 ஆனது. ஆனால் அந்தக் கணக்குக்கான சான்றிதழ் கிடைப்பது தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் என்ற நான்கு உலோகத்துக்குத்தான். ஈயக் கண்ணாடிக்கும் ஃபோமுக்கும் அதில் இடமில்லை. காயலாங்கடைக் கணக்கையே சட்டமும் போட்டிருக்கிறது என்பது என் மனக்குறை.

இன்வெர்ட்டர் பேட்டரியில் ஈயத்துக்கு விலை, ஆசிடுக்கு இல்லை. 150 ஏஎச் பேட்டரி சுமார் 50 கிலோ இருக்கும். தூக்க முடியவில்லை என்று ஆசிடை ஓடையில் சாய்ப்பவர்கள் உண்டு. ஆழியாறு இங்கே சித்தூர்ப்புழையாகி பாரதப்புழைக்குப் போகிறது. கிழக்கே ஊற்றியது மேற்கே வரும். மூடியைத் திறக்காமல், நிமிர்த்தி வைத்து, புது பேட்டரி வாங்கும் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள். கழித்த தொகையை பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

போன், பவர் பேங்க் வேறு ரகம். உப்பிய லித்தியம் பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது, சார்ஜும் போடக் கூடாது. கழற்ற வருவதென்றால் கழற்றி, முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட டின்னில் வையுங்கள். கழற்ற வராவிட்டால் போனோடு கொடுத்துவிடுங்கள். போனைக் கொடுக்கும்முன் கூகுள் கணக்கிலிருந்து வெளியே வந்து, பிறகு ரீசெட் செய்யுங்கள். கணக்கை விட்டுவிட்டு அழித்தால் அடுத்தவர் திறக்க முடியாதபடி பூட்டு விழலாம். நல்ல போன்கூட உடைசலுக்குப் போய்விடும்.

கேரளப் பக்கம் இருப்பவர்கள், மாதாமாதம் பிளாஸ்டிக் எடுக்க வரும் ஹரித கர்ம சேனைப் பெண்களிடம் இ-கழிவு எடுக்கும் நாளைக் கேட்டு வையுங்கள். அங்கிருந்து அது கேரள அரசின் கிளீன் கேரளா கம்பெனிக்குப் போகும். ட்யூப் லைட்டையும் சிஎஃப்எல் பல்பையும் உள்ளே பாதரசம் இருப்பதால், உடையாமல் பழைய அட்டைக் கூட்டிலேயே செருகித் தனியாகக் கொடுங்கள். டேப் ஒட்டிய பேட்டரி டின்னைச் சாக்கில் போடாமல் கையிலேயே கொடுங்கள். அந்தச் சாக்கை வேனில் எறிவார்கள்.