எந்தக் கையில் வேப்பிலை

மாசி 9

பெரியையா வீட்டு முற்றத்தில் இன்று காத்தவராயன் கூத்துப் பழகத் தொடங்கினார்கள். வெட்டு முடிந்து, நெல்லுக் காய்ந்து, சாக்குகள் திண்ணையில் அடுக்கியிருக்கின்றன. பொடியள் எல்லாருக்கும் கை ஓய்ந்த நேரம். கமராவைக் கொண்டுபோனேன், பையை விட்டு எடுக்கவில்லை. முதல் நாளே படம் எடுத்தால் பாடுகிறவன் பாட்டை விட்டுவிட்டு முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவான்.

பெரியையா பாடக்கூடாது. டாக்குத்தர் சொன்னது. கதிரையில் இருந்து கைப்பிடியில் விரலால் தாளம் போட்டார். பெரியம்மா குசினி வாசலில் நின்று அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தா.

மாசி 12

போயா, பௌர்ணமி லீவு. விடிய இரணைமடு. குளம் நிறைந்து கிடக்கிறது. அணைக்கட்டில் நடந்தால் ஒரு பக்கம் கடல் மாதிரித் தண்ணீர், மறுபக்கம் அரிவி வெட்டிய வயலின் மஞ்சள். கனகராயன் ஆறு கொண்டுவந்து சேர்த்த தண்ணீர் இவ்வளவும். திருத்தி முடித்த பிறகு 34 அடியாக இருந்த குளம் 36 அடி பிடிக்கிறது. இரண்டு அடிதானே என்று இருக்கும், அது பரவுகிற அகலத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

நீர்க்காகங்கள் பட்ட மரமொன்றில் சிறகு விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. முப்பது படம் எடுத்தேன். ஒன்று பரவாயில்லை.

மாசி 13

பெரியையாவின் ஆப்பரேஷனுக்கு நாள் சொல்லி ஆஸ்பத்திரியில் இருந்து போன் இல்லை.

மாசி 18

கோடுகள். போன வருடத்துக் கூத்துப் படங்களை இன்று திரும்பத் திறந்தேன். இரவு முழுக்க எடுத்தவற்றில் 800க்கு மேல் இருக்கின்றன. கழுக்காத்தான், கழுவில் ஏறுகிற காத்தவராயன், மரத்தடிக்கு வந்த நேரம் எடுத்த எல்லாவற்றிலும், நெற்றியில் இருந்து நெஞ்சு வரை கறுப்புக் கோடு, வெள்ளைக் கோடு, கறுப்புக் கோடு. ஒரு வருடம் காத்திருந்து எடுத்த முகம், ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நிற்கிற மாதிரி இருக்கிறது.

காரணம் இப்போது தெரியும். பக்கத்தில் இருக்கிற ஆச்சிக்குச் சத்தம் கேட்கக்கூடாதென்று கமராவை ஓசையில்லாத முறையில் வைத்திருந்தேன். அதில் ஷட்டர் திரை ஓடுவதில்லை. சென்சர் மேலிருந்து கீழே வரி வரியாகப் படத்தை வாசிக்கும். எங்கள் கரண்ட் செக்கனுக்கு 50 தரம் போய்வருகிறது, ரியூப் லைற் 100 தரம் துடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. வரி வரியாக வாசிக்கிற கமராவுக்குத் தெரியும். ஒரு வரி வெளிச்சத்தில், அடுத்த வரி இருட்டில்.

ஓசை வந்தால் வரட்டும். ஷட்டர் திரையோடுதான் எடுக்கப்போகிறேன், 1/100 அல்லது 1/50 செக்கன், முழுத் துடிப்பும் உள்ளே விழும். ஆனால் மேடைக்குக் கட்டுகிற எல்ஈடி லைற்றுகளுக்கு இந்தக் கணக்குச் சரிவராது. வெளிச்சத்தைக் குறைக்கும்போது அவை தம் பாட்டில் வேறு வேகத்தில் துடிக்கும். லைற் கட்டுகிற தம்பியிடம் கேட்டு ஒருநாள் பார்க்க வேண்டும்.

மாசி 23

பெரியையா அந்தப் படத்தைப் பற்றி இன்று தானாகவே கதைத்தார்.

மாங்குளத்தில் இருந்து ஸ்ரூடியோக்காரர் வந்து எடுத்ததாம். கறுப்பு வெள்ளை. காத்தவராயனின் தாய் முத்துமாரி வேஷத்தில் பெரியையா, இருபத்திரண்டு வயது. நின்றபடி. வலது கையில் வேப்பிலைக் கொத்து, இடது கை இடுப்பில். பின்னால் பெற்றோல்மாக்ஸ் தொங்கிற வளையம் கூட விழுந்திருக்குமாம். "அம்மா பாத்திட்டு என்னைக் கும்பிட்டவ பிள்ளை. பெத்த தாய், மோனைக் கும்பிட்டவ."

ட்ரங்குப் பெட்டியில் இருந்தது. கடைசிச் சண்டையில் இடம்பெயர்ந்தபோது விசுவமடுவில் இருந்தது. இரணைப்பாலையில் இருந்தது. அதற்குப் பிறகு யாரும் சொல்வதில்லை.

இங்கே எந்த வீட்டிலும் சுவரில் இருக்கிற படங்கள் 2010க்குப் பிந்தியவை. அல்லது வெளிநாட்டில் இருந்து திரும்பி வந்தவை. என்னுடைய முதலாம் வகுப்புப் படம் கனடாவில் இருந்துதான் வந்தது, மாமிக்கு அனுப்பியிருந்தபடியால் தப்பியது.

மாசி 26

சிவராத்திரி. கோயிலில் விடிய விடிய. ஐஎஸ்ஓ 3200, 50 மில்லிமீற்றர் லென்ஸ், எஃப் 2. எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் கோடே இல்லை. விளக்கு நடுங்கும், ஆனால் துடிக்காது.

பங்குனி 2

ஞாயிறு. சுண்டிக்குளம். ஸ்கூட்டியில் தனியப் போகவேண்டாம் என்று அம்மா சொன்னதால் தம்பியையும் இழுத்துக்கொண்டு போனேன். தருமபுரம் தாண்டி வடக்கே திரும்பினால் கல்லாறு. அதற்குப் பிறகு மணல். இரண்டு தரம் இறங்கித் தள்ளினோம்.

பூநாரைகள் இருந்தன. ஆயிரமோ இரண்டாயிரமோ, எண்ணத் தெரியவில்லை. தூரத்தில், கானல் நடுவில், வெளிறிய ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. அவற்றின் நிறம் தின்கிற சின்ன இறாலில் இருந்தும் பாசியில் இருந்தும் வருகிறது. குஞ்சுகள் சாம்பல் நிறம்தான். என்னிடம் இருக்கிற லென்ஸுக்கு அவை எட்டாது, அது தெரிந்துதான் போனேன். கிட்டப் போயிருக்கலாம். போனால் முழுக்கூட்டமும் எழும்பும். அவ்வளவு தூரம் பறந்து வந்து சேற்றில் இரை தேடுகிற பறவையை ஒரு படத்துக்காக எழுப்ப எனக்கு மனம் இல்லை. எழுப்பிவிட்டு எடுக்கிற ஆட்களைக் கண்டிருக்கிறேன், கோபம் வரும்.

தம்பி கரையில் இருந்து கச்சான் கொறித்தான். முதுகுப்பக்கமாக அவனையும் கானலையும் சேர்த்து எடுத்தேன். இன்றைக்கு நல்ல படம் அதுதான்.

பங்குனி 3

போன் இல்லை. பெரியம்மா போனைச் சாமித்தட்டில் வைத்திருக்கிறா.

பங்குனி 8

இன்று கமராவை வெளியே எடுத்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மாதம் பையோடு இருந்தது வீண்போகவில்லை.

காத்தவராயன் கூத்தைச் சிந்து நடை என்று சொல்வார்கள். சிந்துப் பாட்டுக்கு முன்னே வைத்துப் பின்னே வாங்குகிற அந்த நடையை நான் சிறுவயதில் இருந்து பார்க்கிறேன், கமரா வழியாகப் பார்த்த பிறகுதான் விளங்கியது: கால் தரையைத் தொடுகிற கணத்தில் உடம்பு கொஞ்சம் நிற்கும். பாட்டும் அங்கே ஒரு இழுப்பு இழுக்கும். அந்த இடத்தில் 1/100 தாராளம். மற்ற நேரத்தில் கை கலங்கிவிடும். ஆகவே பாட்டைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். படம் எடுக்கக் காதுதான் முதலில் வேண்டியிருக்கிறது.

முத்துமாரிக்கு இந்த முறை கராஜில் வேலை செய்கிற பொடியன். பத்தொன்பது வயது. நகக்கண்ணில் ஒயில் கறுப்பு. அவனுடைய தாய்க்கு வருத்தம் மாறினால் மாரியாக ஆடுவதாக நேர்த்தி. இன்று முதல் மச்சம் மாமிசம் இல்லை. குரல் மெல்லியது, ஆனால் உடையவில்லை. பெரியையா அவனிடம் மட்டும் கோபப்படுகிறார். "அவ தாயடா. கழுவில ஏறப்போறது அவவின்ர பிள்ளை. நீ பாட்டைப் பாடாத, மோனைக் கூப்பிடு." சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். நான்கு நிமிடம். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பங்குனி 9

நான்கு நிமிடம்.

பங்குனி 13

போயா. எங்கும் போகவில்லை. லென்ஸுக்குள் ரோச் அடித்துப் பார்த்தேன். ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரிப் பூஞ்சணம். மழைகாலம் முழுக்க அலுமாரிக்குள் பூட்டி வைத்ததன் பலன். சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற சிலிக்காப் பொட்டலங்களைத் தேடிச் சேர்த்து, மூடி இறுகுகிற பிளாஸ்ரிக் பெட்டிக்குள் லென்ஸோடு போட்டேன். பரவாமல் இருந்தால் போதும். வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தேன், பிறகு பயந்து எடுத்துவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் இன்று அழுகை வருகிறது.

பங்குனி 17

லண்டனில் இருந்து மச்சாள் ஒரு படம் அனுப்பினா. பெரியையாதான். கலியாண வீடு, கோட் போட்டிருக்கிறார். அது இல்லை.

பங்குனி 22

பெரியையா இன்று சொன்னது: அந்தப் படத்தில் அவர் மர வாங்கில் குந்தியிருக்கிறார். வேப்பிலை இடது கையில், வலது கை ஆசீர்வாதம்.

போன மாதம் நின்றீர்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டையும் எழுதி வைக்கிறேன். பெரியம்மாவிடம் குசினியில் மெதுவாகக் கேட்டேன். "எனக்கு மூஞ்சைதான் ஞாபகம்" என்றா. "கண்ணுக்கு மை போட்டிருந்தார். வடிவா இருந்தார்." அவவுக்கு அப்போது அவரோடு கலியாணம் கூடப் பேசியிருக்கவில்லை.

பங்குனி 24

லைற் கட்டுகிற தம்பி வீட்டுக்குப் போனேன். முழு வெளிச்சத்தில் கோடு இல்லை. பாதியாகக் குறைத்தால் 1/100இலும் மெல்லியதாக வருகிறது, 1/50இல் போய்விடுகிறது. நீல லைற் போட்டால் மஞ்சள் பூசிய முகம் பிணம் மாதிரி ஆகிறது. தனிச் சிவப்புப் போட்டால் கன்னத்தில் ஒரு சுருக்கம்கூடத் தெரியாமல் ஒரே அப்பலாக விழுகிறது. மாரி வரவுக்கு வெறும் மஞ்சள் வெளிச்சம், குறைக்காமல், என்று கேட்டேன். "ரீச்சர், சனத்துக்குக் கலர்தான் விருப்பம்" என்றான். அவன் சொல்வதும் சரி. கழு ஏறுகிற இடத்துக்கு மட்டும் தருவதாகச் சொன்னான்.

பங்குனி 27

உலக நாடக தினம். 1962இல் இருந்து இந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பிள்ளைகளின் நாடகம், தண்ணீர் பற்றி. ஒரு சின்னப்பிள்ளை வெறுங்குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்த நடையில் குடம் நிறைந்திருந்தது. அந்த நடைக்காகப் போனது வீணில்லை.

பங்குனி 30

போன் வந்தது.

9ஆம் திகதி வரச் சொன்னார்கள். 16 ஆப்பரேஷன். கூத்து 12.

பங்குனி 31

கூத்தை ஒத்திவைக்கலாமா என்று கேட்க எல்லாரும் வந்தார்கள். பெரியையா கேட்டது ஒன்றுதான்: "அம்மாளுக்கு வைச்ச நாளை என்ர நெஞ்சுக்காக மாத்துறதோ?" அதற்குப் பிறகு யாரும் கதைக்கவில்லை. நான் மாற்றச் சொல்லத்தான் போயிருந்தேன். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

சித்திரை 5

இன்று பாடினார்.

கடைசி இடம். கழுவடியில் தாய் பாடுகிறது. பொடியன் மூன்று தரம் பாடியும் சரிவரவில்லை. பெரியையா கதிரையை விட்டு எழும்பினார். பெரியம்மா "என்னப்பா" என்றா. கேட்காத மாதிரிப் பாடினார். இருந்த இடத்திலேயே, கால் அசையாமல். உடுக்கு அடிக்கிற அண்ணை அடியை நிற்பாட்டிவிட்டார். எனக்கு இந்தப் பாட்டு மனப்பாடம், எத்தனை கோயிலில் எத்தனை பேர் பாடிக் கேட்டிருக்கிறேன். இன்று கேட்டது அது இல்லை. அறுபத்தெட்டு வயது ஆம்பிளை, வெள்ளைச் சாரம், நரைத்த மயிர் தெரிகிற வெறும் நெஞ்சு. மூன்றாவது வரியில் அங்கே ஒரு பொம்பிளை நின்றா.

பதினொரு படம் எடுத்திருக்கிறேன். கை நடுங்கியிருக்கிறது. ஒன்றில் வாய் திறந்து கண் மூடி, கழுத்து நரம்பு புடைத்து. வேஷம் இல்லை, வேப்பிலை இல்லை. யாருக்கும் காட்டவில்லை.

சித்திரை 9

அனுமதித்தாயிற்று. கட்டில் ஜன்னலோரம். கூத்து ஏட்டைக் கொண்டுபோக விடவில்லை பெரியம்மா. தலையணைக்குக் கீழே ஒரு வேப்பிலைக் கொத்து வைத்தா.

சித்திரை 12

பற்றரி மூன்று, மெமரி காட் இரண்டு, லென்ஸ் துடைத்தது. ஷட்டர் திரை. 1/50. கோடு வராது. கோடு வராது.

சித்திரை 13

பின்னேரம் நான்கு மணிக்கு நித்திரையால் எழும்பி எழுதுகிறேன்.

ஒன்பதரைக்குத் தொடங்கியது. பாயும் தலையணையுமாகச் சனம், பிள்ளைகள் முன்னால் நித்திரை. கச்சான் கடைகள், ஐஸ்கிறீம் வான். ஆர்மோனியப் பெட்டிக்குப் பக்கத்தில் பெரியையாவின் கதிரையை வெறுமையாகப் போட்டிருந்தார்கள், துண்டு ஒன்று விரித்து. பத்து மணிக்குப் போன் எடுத்தார். வாட்டில் விளக்கு அணைத்தாயிற்றாம், போர்வைக்குள் இருந்து கேட்கிறாராம். என் போனைக் கதிரையில் வைத்தேன். பன்னிரண்டரை வரை கேட்டார். நடுவில் ஒருதரம், "தாளம் ஓடுது, தாளம் ஓடுது, பிடிக்கச் சொல்லு" என்றார். நான் போய் உடுக்கு அண்ணையின் காதில் சொன்னேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். பிறகு தொடர்பு அறுந்தது. திரும்ப எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இரண்டு மணிக்கு மேல் சனம் சாய்ந்துவிட்டது. வயதுக்கு ஒரு காத்தானாக மாறி மாறி வந்துபோனார்கள். ஐந்தே கால் போலக் கழுமரத்தடிக்கு வந்தபோது ஆச்சிமார் ஒவ்வொருவராக எழும்பி இருந்தார்கள், யாரும் எழுப்பாமலே. மேற்கே நிலவு இன்னும் இருந்தது. லைற் தம்பி சொன்ன சொல் காத்தான், வெறும் மஞ்சள். கிழக்கு வெளிக்க வெளிக்க அந்த மஞ்சள் தானாக மங்கிக்கொண்டு வந்தது.

பொடியன் கூப்பிட்டான். பாடவில்லை, கூப்பிட்டான். முன்னால் இருந்த ஆச்சி ஒருத்தி "என்ர ராசா" என்று கதறினா. அவ யாரைக் கூப்பிட்டா என்று எனக்குத் தெரியும், இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

எடுத்தேன். 214 படம் அந்த அரை மணித்தியாலத்தில். வீட்டுக்கு வந்து முகம்கூடக் கழுவாமல் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு இல்லை. ஒன்றிலும் இல்லை.

சித்திரை 14

வருஷம். மருத்துநீர் வைத்தோம். பெரியையாவுக்குக் கைவிசேஷம் எடுத்து வைத்திருக்கிறேன்.

சித்திரை 15

ஸ்ரூடியோ எல்லாம் பூட்டு. டவுணில் ஒன்றில் பின்கதவால் கூப்பிட்டு, விஷயத்தைச் சொல்லி, கெஞ்சினேன். அந்த ஐயா சறத்தோடு வந்து மெஷினைப் போட்டார். 8க்கு 12, ஒன்று. காசு வாங்கவில்லை. "எந்த ஊர்க் கூத்து?" என்று கேட்டுக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாரி நிற்கிறாள். பின்னால் விடிகிற வானம். நகக்கண்ணில் ஒயில் கறுப்புக் கூட விழுந்திருக்கிறது. வேப்பிலை இடது கையில், பொடியன் இடக்கையன். வலது கை மகன் போன பக்கம் நீண்டிருக்கிறது.

விடிய 4.30 பஸ். ஏழுக்குள் போனால், உள்ளே கொண்டுபோகமுதல் பத்து நிமிடம் பார்க்க விடுவார்கள். படம் மடங்காமல் இருக்க இரண்டு காட்போட் மட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டியிருக்கிறேன். அந்தப் பதினொன்றில் ஒன்றையும் பிரின்ற் போட்டேன். அதை எடுத்துப் போவதா என்று