பந்து உச்சியில் நிற்கும்போது

இயற்பியல் வகுப்பில் வருடா வருடம் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பந்தை நேராக மேலே எறிகிறோம். உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கிறதே, அப்போது அதன் முடுக்கம், அதாவது வேகம் மாறும் வீதம், எவ்வளவு? பாதிக்கு மேற்பட்ட கைகள் பூஜ்யத்துக்குத்தான் உயரும். இத்தனைக்கும் இயக்கச் சமன்பாட்டுக் கணக்குகளைத் தப்பில்லாமல் போடுகிறவர்கள்தான் அவர்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது என்னை வாட்டியது. இன்னும் தெளிவாக நடத்தினால் சரியாகிவிடும் என்று நம்பினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த தேர்விலும் அதே தவறு. ஹார்வர்டு பேராசிரியர் எரிக் மசூருக்கும் இந்த அதிர்ச்சி நேர்ந்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அவர் விரிவுரையைக் குறைத்து, மாணவர்களே ஒருவருக்கொருவர் விளக்கும்படி வகுப்பை மாற்றினார்.

நானும் மாறினேன். முதலில் ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடையை எழுத வேண்டும். அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு மூன்று நிமிடம் வாதாட வேண்டும். அதுவரை விடையை நான் சொல்வதில்லை. ஒருமுறை கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "வேகம்தான்டா சைபர். முடுக்கமும் சைபர்னா பந்து அங்கேயே தொங்கிக்கிட்டு இருக்கணுமே!" ஒரு மணி நேரம் கரும்பலகையில் எழுதியும் என்னால் இவ்வளவு நறுக்கென்று சொல்ல முடிந்ததில்லை. இப்போதுதான் புரிந்துகொண்டவனுக்கு எந்த இடத்தில் இடறும் என்பது நினைவிருக்கிறது. எங்களுக்கு அது மறந்து பல வருடம் ஆகிவிட்டது.

தேர்வுக்குப் படிப்பதிலும் இதே கதைதான். ஒரே பக்கத்தை நான்கு முறை வாசித்தால் பழகிய முகம்போல் தெரியும். அதைத் தெரிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம். ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, வாசித்த பிறகு பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். தேர்வுக்கு முந்தைய இரவு "எல்லாம் தெரியும்" என்று தோன்றுவது ஏன் நம்மை ஏமாற்றுகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல விளக்கம் இதுதான்.

அதனால் ஒரு பகுதி முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடுங்கள். வெற்றுத் தாளில் நினைவிலிருந்து எழுதுங்கள். திணறும் இடத்தில் உடனே திறந்து பார்க்காதீர்கள். கொஞ்சம் முட்டி மோதுங்கள். அப்புறம் ஒப்பிட்டு, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். இரண்டு நாள் கழித்து இன்னொரு தாள். சலிப்பாக இருக்கும், மனசும் சோர்ந்துபோகும். பரவாயில்லை, விடாதீர்கள்.

சந்தேகம் கேட்க வரும்போது அந்தத் தாளையும் கொண்டுவாருங்கள். "பாடமே புரியல சார்" என்றால் எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரியாது. "இந்த வரிவரைக்கும் வந்தேன், இதுக்கு மேல போகல" என்று விரல் வைத்துக் காட்டினால், அந்த வரியிலிருந்தே பேச ஆரம்பித்துவிடலாம்.