ஒற்றை முடி

பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் அப்பத்தா ஒருவர் பதினொரு மாதப் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூக்குத்தண்டின் நடுவில் மிளகளவு வீக்கம். "மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் போட்டேன் டாக்டரம்மா, வத்துது, மறுபடி வருது."

எனக்கு உடனே பழைய தப்பு ஞாபகம் வந்தது. வேலைக்கு வந்த முதல் வருடம், ஒரு குழந்தையின் புருவ ஓரத்துக் கட்டியைச் சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறிவிட்டேன். வந்தது சீழ் இல்லை, வெண்ணெய் மாதிரி ஒரு பசை. அதில் இரண்டு மூன்று முடிகள். டெர்மாய்டு கட்டி. கருவில் முகம் உருவாகும்போது, பகுதிகள் ஒட்டிச் சேரும் கோட்டில் கொஞ்சம் தோல் உள்ளே மாட்டிக்கொள்கிறது. தோல்தானே, உள்ளே இருந்தபடியே செதில் உதிர்க்கும், எண்ணெய் சுரக்கும், முடிகூட வளர்க்கும். பையை முழுசாக எடுக்காவிட்டால் திரும்ப வரும். வந்தது.

புருவ ஓரமாவது பரவாயில்லை. மூக்கின் நடுக்கோட்டில் இருந்தால் எலும்புக்குள் வழி இருக்கலாம். சிலருக்கு அது மூளையுறை வரைக்கும் போகும். அதில் சீழ் பிடித்தால் மூளைக்காய்ச்சல். ஊசி குத்திப் பார்க்கவே கூடாது. குழந்தை அழுதான், வீக்கம் பெருக்கவில்லை. (பெருத்திருந்தால் மூளைத் திசுவே இறங்கியிருக்கிறதோ என்று பயந்திருப்பேன்.) டார்ச் அடித்தால் குண்டூசி முனையளவு ஒரு குழி. அதில் ஒரு முடி இருந்தால் அநேகமாக டெர்மாய்டுதான். முடியைக் காணோம்.

"இந்தக் குழியில முடி ஏதும் முளைக்குமா?"

"முளைக்கும். முளைக்க முளைக்கப் பிடுங்கிருவேன். ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையச் சுத்தமாக் கொண்டுவரணும்ல?"

இதற்கு முன் இரண்டு இடத்தில் காட்டியிருக்கிறார்கள். அங்கேயும் பிடுங்கிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

எம்.ஆர்.ஐ. எடுக்க மதுரைக்குப் போக வேண்டும், 160 கிலோமீட்டர்போல. அப்போது தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, மகன் கையில் காசில்லை. "தடை முடியட்டுமே?" என்றார். சீழ் பிடிக்காதவரை காத்திருக்கலாம், ஆனால் அமுக்காதீங்க, பத்துப் போடாதீங்க, காய்ச்சலோ சீழோ வந்தால் அன்றைக்கே கிளம்பிடுங்க என்று சொல்லி அனுப்பினேன். இப்படி அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கியதாக எனக்கு நினைவில்லை.

ஆனிக் கடைசியில் போனார்கள். பாதை மூக்கெலும்போடு நின்றிருந்தது. குழியோடு சேர்த்துப் பையை உடையாமல் எடுத்துவிட்டார்கள்.

தையல் பிரித்த பிறகு காட்ட வந்தார். பாசி பறித்துக் காய்த்த விரலால் தழும்பைத் தடவிக்கொண்டே கேட்டார்: "இனி முளைக்காதுல்ல?"