ஜூடி சில்: டெமோவை முதலில் கேட்டுப் பார்த்தேன்

அமெரிக்கப் பாடகியும் பாடலாசிரியருமான ஜூடி சில் உயிரோடு இருந்தபோது வெளிவந்தவை இரண்டே ஆல்பங்கள். 1971இல் அவர் பெயரிலேயே ஒன்று, 1973இல் 'ஹார்ட் ஃபுட்'. டேவிட் கெஃபனின் அசைலம் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டும் இரண்டும் விற்கவில்லை. 2006இல் இரண்டையும் சேர்த்து 'அப்ரகடாப்ரா: தி அசைலம் இயர்ஸ்' என்று இரட்டை சிடியாகப் போட்டார்கள். ஆல்பம் முடிந்த பிறகு டெமோக்களும் (ஆல்பத்துக்கு முன் எளிமையாகச் செய்து பார்க்கும் மாதிரிப் பதிவுகள்) மேடைப் பதிவுகளும் வரும். கொஞ்ச நாளாக என் மாலைப் பொழுது அதோடுதான் போகிறது. எதுவரை வந்திருக்கிறேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

இவரைத் தேடினால் பாட்டுக்கு முன்னால் வாழ்க்கைக் கதை வந்து நிற்கும். சிறு வயதில் துப்பாக்கி காட்டிக் கொள்ளை, சீர்திருத்தப் பள்ளி, ஹெராயின், சிறை, 1979இல் 35 வயதில் மரணம். இதைப் படித்துவிட்டுக் கேட்டால் சந்தோஷமான பாட்டும் ஒப்பாரியாகத்தான் கேட்கும். அதனால் சிடியோடு வந்த குறிப்புப் புத்தகத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். ஒரே ஒரு தகவலை மட்டும் விடவில்லை: அந்தச் சீர்திருத்தப் பள்ளியில் தேவாலய ஆர்கன் வாசித்துத்தான் அவர் காஸ்பல் என்ற கிறிஸ்தவ பக்தி இசையைக் கற்றார். அது காதுக்கு உதவும் தகவல்.

முதல் ஆல்பத்தில் 11 பாட்டு. 'ஜீசஸ் வாஸ் எ கிராஸ் மேக்கர்' மட்டும் பாடகர் கிரஹாம் நாஷ் தயாரித்தது. ஆல்பத்தின் பிரபலமான பாட்டும் அதுதான். பலர் திரும்பப் பாடியிருக்கிறார்கள். எனக்கென்னவோ 'தி லேம் (ஆட்டுக்குட்டி) ரான் அவே வித் தி கிரவுன்' அதைவிட ஒரு படி மேல். கடைசியில் குரல்கள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு வரும் இடம் ஒன்று போதும். தனக்குப் பிடித்தவர்கள் என்று அவர் சொன்ன பட்டியலில் இசையமைப்பாளர் பாக், பாடகர் ரே சார்ல்ஸ், கணித மேதை பித்தாகரஸ் மூவரும் உண்டு. பித்தாகரஸ் எங்கே வந்தார் என்று சிரிப்பு வந்தது. பாட்டைக் கேட்ட பிறகு வரவில்லை.

'ஹார்ட் ஃபுட்' வந்ததும் வழியை மாற்றினேன். ஆல்பத்தை விட்டுவிட்டு நேரே டெமோக்களுக்குத் தாவினேன். 'தி கிஸ்' டெமோவில் பெரிதாக ஒன்றும் கிடையாது. பியானோ, குரல், அவ்வளவுதான். ஆனால் மெட்டு முழுசாக இருக்கிறது. எந்த வரியில் மூச்சு வாங்குகிறார், எங்கே ஒரு சொல்லை இழுத்து அடுத்த கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்தின்) மேல் கொண்டுபோய் வைக்கிறார் என்பதெல்லாம் தெளிவாகக் கேட்கும். நாலைந்து தடவை கேட்டு மனசில் பதிந்த பிறகு ஆல்பத்தில் உள்ளதைப் போட்டேன். வயலின்கள் உள்ளே வரும்போது அவை அலங்காரமாகத் தெரியவில்லை. டெமோவில் பியானோ வாசித்த நடுவிரல்கள் சொன்னதைத்தான் அவையும் சொல்கின்றன. இந்த ஆல்பத்துக்கு இசைக்கோர்வை எழுதி ஆர்கெஸ்ட்ராவை நடத்தியதும் அவரேதான். நேரே ஆல்பத்தைக் கேட்டிருந்தால் 'அழகான ஸ்ட்ரிங்ஸ்' என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பேன்.

அப்புறம் கீபோர்டில் உட்கார்ந்தேன். வலது கை மெட்டு சுலபமாக வந்துவிட்டது. இடது கைதான் வேலை வாங்குகிறது. கார்டின் அடிச்சுரத்தில் உட்காராமல், பேஸ் படிப்படியாக இறங்கித் தனக்கென்று ஒரு மெட்டு போட்டுக்கொண்டு போகிறது. இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டாரைத் தனியாகப் பிடித்துக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புது உலகமாக இருக்காது. இரண்டு கையையும் சேர்த்து முதல் சரணம் வரை தட்டுத் தடுமாறி வாசிக்கிறேன். சரி, இப்போதைக்கு அது போதும்.

'தி டோனர்' வேறு ரகம். எட்டு நிமிடப் பாட்டு, 'கிரியே எலெய்சோன்' என்ற பழைய கிரேக்க ஜெபம் அலை அலையாக வருகிறது. ஒரு குரலை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசி வரை போக முடியுமா என்று ஹெட்ஃபோனில் முயன்றேன். கொஞ்ச தூரத்தில் பக்கத்துக் குரல் வந்து கவனத்தைப் பறித்துவிடுகிறது. எது எதற்குத் துணைக்குரல் என்றே சொல்ல முடியவில்லை, எல்லாம் தலைமைக் குரல். இதற்கும் டெமோ இருக்கிறது. ஆனால் 'தி கிஸ்' போல இங்கே அது வழி காட்டவில்லை. இந்தப் பாட்டு ஸ்டுடியோவில்தான் பிறந்தது என்று நினைக்கிறேன்.

அடுத்தது மூன்றாவது ஆல்பத்துக்காக அவர் 1974இல் பதிவு செய்து, முடிக்காமல் விட்ட பாடல்கள். இசைக்கலைஞர் ஜிம் ஓரூர்க் மிக்ஸ் செய்து 2005இல் 'ட்ரீம்ஸ் கம் ட்ரூ' என்று சிடியாக வந்தது. சிடி கைக்கு வந்துவிட்டது, இன்னும் போடவில்லை. முந்தைய இரண்டிலும் கடைசி முடிவு ஜூடியுடையது; இதில் அப்படியில்லை. அந்த வித்தியாசம் காதில் படுகிறதா என்று பார்க்கவாவது 'ஹார்ட் ஃபுட்' எனக்கு இன்னும் கொஞ்சம் பழக வேண்டும்.