முதல் இசிஜி நார்மலா? அதோடு விட்டுவிடாதீர்கள்

நெஞ்சுவலியோடு வந்தவருக்கு ஒரே ஒரு இசிஜி எடுத்து, "நார்மல், கேஸ் டிரபிள்தான்" என்று வீட்டுக்கு அனுப்புவதைப் போல ஆபத்தான தவறு மாரடைப்பில் வேறில்லை. இதய ரத்தக்குழாயில் உருவாகும் ரத்தக்கட்டி எப்போதும் ஒரேயடியாக அடைத்துக்கொண்டு நிற்பதில்லை. அடைக்கும், சற்றே கரைந்து வழிவிடும், மறுபடி அடைக்கும். வழிவிட்ட நேரத்தில் எடுத்த இசிஜியில் குறை எதுவும் தெரியாமல் போகலாம்.

முதல் இசிஜியை நோயாளி வந்த 10 நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும். வலி நீடித்தால் முதல் ஒரு மணி நேரத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப எடுத்து, முந்தையதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இதயத்தை 12 கோணத்தில் பதியும் வழக்கமான 12 லீட் இசிஜியில் இதயத்தின் பின்சுவர் நேராகத் தெரியாது. மார்பு லீடுகளான வி1 முதல் வி3 வரை எஸ்டி (இசிஜி கோட்டின் ஒரு பகுதி) இறங்கியிருந்தால், வி6 இருக்கும் மட்டத்திலேயே முதுகுப் பக்கமாக வி7, வி8, வி9 ஒட்டிப் பாருங்கள். அங்கே 0.5 மில்லிமீட்டர் ஏற்றமே போதும், அது பின்சுவர் மாரடைப்பு. கீழ்ச்சுவர் மாரடைப்பு என்றால் மார்பின் வலப்பக்கம் ஒட்டும் வி4ஆர் லீட் அவசியம். வலது வென்ட்ரிக்கிளும் (இதயத்தின் வலது கீழறை) பாதிக்கப்பட்டிருக்கும்போது, ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரேட் மாத்திரையை நாக்கடியில் வைத்தால் ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்துவிடலாம். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் (வயாகரா) சாப்பிட்டு 24 மணி நேரம் ஆகாதவருக்கும் நைட்ரேட் கூடாது. இதைக் கூச்சப்படாமல் கேட்டாக வேண்டும்.

இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் புரதமான ட்ரோபோனினை மிகச் சிறிய அளவிலும் கண்டறியும் உயர் நுண்ணுணர்வுப் பரிசோதனை வந்தபின் காத்திருப்பு வெகுவாகக் குறைந்தது. நோயாளி வந்தவுடன் ஒன்று, 1 அல்லது 2 மணி நேரம் கழித்து இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். வரம்பு எண்கள் பரிசோதனைக் கிட்டுக்குக் கிட்டு மாறும், ஒன்றின் அளவை இன்னொன்றில் போட்டுப் பார்க்கக் கூடாது. வலி தொடங்கி 3 மணி நேரம் ஆவதற்குள் வந்தவரிடம் முதல் அளவு குறைவாக இருந்தால் அதை நம்பி அனுப்பக் கூடாது. மறுபுறம், சிறுநீரக நோயிலும் இதயச் செயலிழப்பிலும் அளவு கூடுதலாகவே இருக்கும். ஆனால் பெரும்பாலும் அதிகம் ஏறி இறங்காது.

இசிஜியில் எஸ்டி ஏற்றம் தெளிவாகத் தெரிந்தால் ட்ரோபோனினுக்குக் காத்திருக்கவே வேண்டாம். அதிலிருந்து 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி (பலூன் வைத்து அடைப்பைத் திறப்பது) செய்ய முடியுமா என்பதே கேள்வி. முடியாது, கட்டியைக் கரைக்கும் ஊசிக்குத் தடையும் இல்லை என்றால் 10 நிமிடத்துக்குள் அந்த ஊசியான டெனெக்டெப்ளேஸ். 75 வயதைத் தாண்டியவருக்கு மூளையில் ரத்தக்கசிவு ஆபத்து அதிகம் என்பதால் பாதி டோஸ். ஊசி போட்டதோடு வேலை முடிந்ததாக நினைப்பது அடுத்த தவறு. 60 முதல் 90 நிமிடத்தில் எஸ்டி ஏற்றம் பாதிக்கு மேல் இறங்கவில்லை என்றால் உடனே ஆஞ்சியோபிளாஸ்டி. இறங்கியிருந்தாலும் 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் (ரத்தக்குழாய்ப் படம்).

ஆஸ்பிரின் 150 முதல் 300 மில்லிகிராம், மென்று விழுங்க வேண்டும். மேல்பூச்சு உள்ள மாத்திரை மெதுவாகவே ரத்தத்தில் சேரும். ஆக்சிஜன், ரத்தத்தில் அதன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே போனால் மட்டும். முன்பு பக்கவாதம் வந்தவருக்கு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் பிராசுக்ரெல் தரக்கூடாது.

அதே வகை மருந்தான டிகாக்ரெலார் சிலருக்கு மூச்சு வாங்க வைக்கும். பயந்துபோய்த் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள், ரத்தக்குழாயில் வைத்த புதிய ஸ்டென்ட்டில் (வலைக்குழாய்) ரத்தக்கட்டி அடைத்துக்கொள்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போதே நோயாளியிடம் சொல்லுங்கள்: மூச்சு வாங்கினால் வேறு மருந்துக்கு மாற்றலாம், உடனே வாருங்கள், அதுவரை ஒரு வேளையும் விடாதீர்கள் என்று.