கீபோர்டைக் கவிழ்த்துக் காட்டுங்கள்

பழைய ஐபிஎம் மாடல் எம் கீபோர்டு ஒன்று வேண்டுமென்று மூன்று மாதம் இணைய ஏலங்களைத் துழாவினேன். பார்த்த விளம்பரத்தில் எல்லாம் "மிக அபூர்வம்" என்று போட்டிருந்தார்கள். ஒரே பக்கத்தில் பதினைந்து அபூர்வங்கள் வரிசைகட்டி நின்றால் சந்தேகம் வர வேண்டும். எனக்கு வரவில்லை. படம் பளிச்சென்று இருந்த ஒன்றை, கேட்ட விலைக்கே வாங்கிவிட்டேன்.

பெட்டியைப் பிரித்து ஒரு விசையை அழுத்தியதுமே விஷயம் புரிந்துவிட்டது. ஈரத்துணியை அமுக்குவதுபோல் இருந்தது. மாடல் எம்முக்கு இத்தனை பேர் அலைவதே உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குக்காகத்தான். அழுத்த அழுத்த அது ஒரு கட்டத்தில் சட்டென்று பக்கவாட்டில் மடங்கி, அடியில் உள்ள சின்னத் தட்டைச் சாய்க்கும். அந்த 'டக்' சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. எனக்கு வந்ததில் ஸ்பிரிங்கே இல்லை, வெறும் ரப்பர் குமிழ். விற்றவர் ஏமாற்றினார் என்றும் சொல்ல வழியில்லை. பின்பக்க லேபிளில் மாடல் எம் என்றுதான் இருந்தது. அதே பெயரில் ரப்பர் குமிழ் வைத்தும் செய்திருக்கிறார்கள் என்பது எனக்குத்தான் தெரியவில்லை.

அப்புறம் தலைப்பைப் படிப்பதை நிறுத்திவிட்டு, விற்பவர்களிடம் படம் கேட்க ஆரம்பித்தேன். முதல் படம், கீபோர்டைக் கவிழ்த்து எடுத்தது. லேபிளில் பாக எண்ணும் தயாரித்த தேதியும் இருக்கும். 1391401 என்று இருந்தால் அதுதான் எங்கும் கிடைக்கும் சாதாரண ரகம். நல்ல கீபோர்டுதான், அபூர்வம் மட்டும் இல்லை. 1390131 என்று இருந்து, மூலையில் சதுரமான வெள்ளி நிற முத்திரையும் இருந்தால் அது 1980களின் நடுப்பகுதியைச் சேர்ந்த ஆரம்ப கால ரகம். சேகரிப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகத் தருவார்கள். 1991இல் ஐபிஎம்மிலிருந்து லெக்ஸ்மார்க் தனி நிறுவனமாகப் பிரிந்த பிறகு அவர்கள் செய்து கொடுத்தவையும் நிறைய உண்டு. 1996இலிருந்து யூனிகாம்ப் நிறுவனம் அதே ஸ்பிரிங்கை வைத்துப் புதிதாகவே செய்து வருகிறது. ஆக, ஸ்பிரிங் இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் அபூர்வம் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது படம், ஒரு விசையின் மூடியைக் கழற்றி எடுத்தது. உள்ளே ஸ்பிரிங் தெரிய வேண்டும். இதைக் கேட்டால் சிலர் கோபித்துக்கொள்வார்கள். அவர்களிடம் நான் வாங்குவதில்லை. லேபிளை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு ஆப்பிளிலும் உதாரணம் இருக்கிறது: எம்3501 என்ற ஒரே எண்ணில் வந்த எக்ஸ்டெண்டட் கீபோர்டு 2இல் பலவற்றில் விசைக்கடியில் ஆல்ப்ஸ் நிறுவனத்தின் சுவிட்ச், சிலவற்றில் மிட்சுமி நிறுவனத்தினுடையது. விலையைத் தீர்மானிப்பது அந்த வித்தியாசம்தான்.

மூன்றாவதாக, மெல்லக் குலுக்கிப் பார்க்கச் சொல்வேன். மாடல் எம்மில் உள்தகடுகளைப் பிடித்திருப்பவை சின்னச் சின்ன பிளாஸ்டிக் ரிவெட்டுகள். வயதானால் ஒவ்வொன்றாகத் தலை தெறிக்கும், குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும். சரிசெய்யலாம். ஆனால் எல்லாவற்றையும் செதுக்கி எடுத்து, துளை போட்டு, திருகாணி மாட்ட வேண்டும். ஒரு வார இறுதி போய்விடும். அதற்குமுன் உடலைத் திறக்க 5.5 மில்லிமீட்டர் அறுகோணத் திருகாணிக்கான, சுவர் மெல்லிய நீளமான நட் டிரைவர் வேண்டும். நான்கு திருகாணிகளும் ஆழக் குழிக்குள் இருப்பதால் சாதாரண ஸ்பேனர் நுழையாது. "திறந்து சுத்தம் செய்தது" என்று எழுதியிருப்பவரிடம் உள்ளே எடுத்த படத்தைக் கேட்பேன்.

பழுப்பேறியிருப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு மூடி தொலைந்திருப்பதை எடுத்துக்கொள்வேன். சாதாரண ரகத்துக்கு உதிரி மூடி கிடைக்கும். விசித்திரமான அமைப்பில் ஒன்று போனால் போனதுதான்.

விலைக்கு வருவோம். கேட்கும் விலையை யார் வேண்டுமானாலும் எழுதலாம். விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்த்து, ஒரு தாளில் பாக எண்வாரியாகக் குறித்துக்கொண்டே வந்தேன். "அபூர்வம்" என்று கூவிய பல விளம்பரங்கள் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தன.

அப்படியிருக்கும்போதுதான் "பழைய கீபோர்டு, எண் பகுதி இல்லை" என்று ஒரு ஏலம் கண்ணில் பட்டது. மங்கலான ஒரே படம். வலது ஓரத்து எண் விசைப் பகுதி உடைந்துபோய்விட்டது என்று விற்றவர் நினைத்திருக்கிறார். லேபிள் படம் கேட்டேன்: 1391472. எண் பகுதியே இல்லாமல் 84 விசைகளோடு செய்த சின்ன மாடல் எம். மாடல் எம்களிலேயே பலரும் துரத்துவது இதைத்தான். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. அது என்னவென்று விற்றவரிடம் சொல்லியிருக்க வேண்டுமா என்று இரண்டு நாள் குழம்பினேன், சொல்லவில்லை. சொல்லத் தேவையே இருக்கவில்லை. கடைசி ஒரு நிமிடத்தில் ஐந்தாறு பேர் எங்கிருந்தோ வந்து குதித்தார்கள். விலை என் தாளில் இருந்த எண்ணையும் தாண்டிப் போய்விட்டது.

கடைசியில் நான் வாங்கியது பெரிய கணினிகளோடு இணைக்கும் டெர்மினலுக்காகச் செய்த 122 விசை மாடல் எம். 1391401 பத்து பார்த்தால் இது ஒன்று கண்ணில் படுவதே கஷ்டம். ஆனாலும் ஏலத்தில் எனக்கு எதிராக ஒரே ஒருவர்தான். காரணம் இருக்கிறது: மேசையில் பாதியை அடைத்துக்கொள்ளும், பிளக்கும் சாதாரணக் கணினிக்குப் பொருந்தாது. பழைய கீபோர்டுகளை யூஎஸ்பியில் செருகப் பயன்படும் ஊதா நிற அடாப்டர் இதற்கு உதவாது. மைக்ரோகன்ட்ரோலர் வைத்த கன்வெர்ட்டர் ஒன்றை நானே சாலிடர் செய்து மாட்டினேன். இரண்டாவது முயற்சியில் எழுத்து வந்தது.

இதில் 24 ஃபங்ஷன் விசைகள், வழக்கமானதைவிடப் பன்னிரண்டு கூடுதல். எஃப்13ஐ ஒலியை நிறுத்த வைத்திருக்கிறேன். மீதிப் பதினொன்றுக்கு இன்னும் வேலை கொடுக்கவில்லை.