இரத்தம் சொல்லாததை அம்மாவின் கண் சொன்னது

எனக்கு மாலைக்கண் இருப்பது பள்ளி நாள்களிலேயே வீட்டுக்குத் தெரியும். முருங்கைக்கீரையும் மீனெண்ணெய் மாத்திரையும் சரிசெய்துவிடும் என்று நம்பியதால் அதை யாரும் நோயாக எண்ணவில்லை. சிங்கப்பூரில் கட்டாய இராணுவப் பயிற்சியான தேசிய சேவையின் இரவுப் பயிற்சிகளைக்கூட முன்னால் நடப்பவரின் பையைப் பற்றிக்கொண்டே கடத்தினேன். 29ஆம் வயதில், ஈசூனில் பட்டப்பகலில், பக்கவாட்டில் வந்த குழந்தைத் தள்ளுவண்டியின்மேல் மோதப்போன பிறகுதான் பலதுறை மருந்தகத்துக்குச் சென்றேன். அங்கிருந்து கண் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பினார்கள்.

சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்த மருத்துவர், எடுத்த படத்தைத் திரையில் காட்டினார். விழித்திரையின் நடுப்பகுதி ஓரளவு நன்றாகவே இருந்தது. அதைச் சுற்றிலும் பேனாவை உதறியதுபோல் கிளைவிட்ட கறுப்புத் திட்டுகள். இரத்தக் குழாய்கள் நூலாக இளைத்திருந்தன. பார்வை நரம்பின் வட்டு மெழுகு நிறத்தில் வெளுத்திருந்தது. இம்மூன்றும் சேர்ந்து காணப்படுவது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவின் அடையாளம் என்றார். ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு வரும் இந்நோயின் பெயர் அழற்சியைக் குறித்தாலும், உண்மையில் நடப்பது வேறு: மங்கிய ஒளியில் பார்க்க உதவும் கோல் செல்கள் முதலில் மடிகின்றன, பகலொளியிலும் நிறம் காணவும் உதவும் கூம்புச் செல்கள் பின்னர் அவற்றைத் தொடர்கின்றன.

உறுதிசெய்ய மின்விழித்திரைப் பரிசோதனை: ஒளி பட்டதும் விழித்திரை எழுப்பும் மின்சைகையை அளப்பது. இருட்டறையில் 20 நிமிடம் உட்காரவைத்து, கீழிமைக்குள் முடியளவு மெல்லிய இழை ஒன்றைச் செருகி, வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். மங்கலான மின்னல்கள் வந்ததாகத் தாதி சொன்னார். நான் ஒன்றையும் பார்க்கவில்லை. கோல் செல்களின் வரைபடம் ஏறத்தாழ நேர்கோடாகவே வந்தது.

அடுத்து மரபணு. என் அம்மா, தம் சொந்தத் தாய்மாமனைத்தான் மணந்தார். அப்பாவின் அண்ணன், மன்னார்குடியில் இருந்த பெரியப்பா, நாற்பது வயதுக்குள் பார்வை இழந்தவர். ஆகவே உறவுக்குள் செய்த திருமணத்தால், ஒரே மூதாதையின் பழுதுபட்ட மரபணு இரு பக்கத்திலிருந்தும் எனக்கு வந்துசேர்ந்தது என்று குடும்பமும் முடிவுசெய்தது, மருத்துவரும் அப்படியே ஊகித்தார். ஆனால் விழித்திரை மரபணுக்களின் தொகுப்பைச் சோதித்த முதல் அறிக்கை மாதக்கணக்கில் காக்கவைத்துவிட்டு, காரணம் எதுவும் கிடைக்கவில்லை என்றது. ‘கிடைக்கவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று நான் படித்துக்கொண்டது என் பிழை. அதனால் இரண்டு ஆண்டுகள் வீணாயின.

வேறொரு மருத்துவரைப் பார்க்கச் சென்றபோது, சொட்டு மருந்துக்குப் பின் என்னைக் கைப்பிடித்து வீட்டுக்கு அழைத்துச் செல்வதற்காகவே அம்மா உடன் வந்திருந்தார். குடும்ப வரைபடத்தை எழுதிக்கொண்டிருந்த மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு, அவர் கண்ணையும் பார்க்கலாமா என்று கேட்டார். அம்மாவுக்குப் பார்வையில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவருடைய விழித்திரையின் நடுவிலிருந்து பொன்னிறப் பொடி தூவியதுபோல் ஒரு மினுமினுப்பு கதிர்கதிராகப் பரவியிருந்தது. இந்நோயில் எக்ஸ் குரோமோசோம் வழி வரும் வகையைச் சுமக்கும் பெண்கள் சிலரிடம் காணப்படும் அடையாளம் அது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரு எக்ஸ்களில் ஒன்று அணைந்துவிடுவதால், விழித்திரையில் நலமான திட்டும் நலிந்த திட்டும் கலந்தே இருக்கும்.

இந்த வகையில் பெரும்பாலும் பழுதாவது ஆர்பிஜிஆர் என்ற மரபணு. அதன் ஓஆர்எஃப்15 என்னும் பகுதியில் ஒரே மாதிரியான மரபணு எழுத்துகள் திரும்பத் திரும்ப வருவதால், அவற்றை வரிசையாகப் படிக்கும் வழக்கமான சோதனை அங்கே தடுமாறிவிடும். மாற்றங்கள் மிகுதியாக நேர்வதும் அதே பகுதியில்தான். அதை மட்டும் தனியாகப் படித்தபோது இரண்டு எழுத்துகள் விடுபட்டிருந்தது தெரிந்தது. அந்த இடத்துக்குப் பின் புரதம் முழுவதும் தாறுமாறாகிவிடுகிறது.

மகனுக்கு அப்பா கொடுப்பது ஒய் குரோமோசோம்; அவனுடைய ஒரே எக்ஸ் அம்மாவிடமிருந்து வருவது. எனவே அப்பாவிடமிருந்து இது எனக்கு வந்திருக்க வழியே இல்லை. கொள்ளுப்பாட்டியிடமிருந்து பெரியப்பாவுக்கும், அவர் அக்காவும் அம்மாவைப் பெற்றவருமான என் பாட்டிக்கும், பாட்டியிடமிருந்து அம்மாவுக்கும் இறங்கி எனக்கு வந்திருக்கிறது. உறவுத் திருமணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. வெளியில் மணந்திருந்தாலும் அம்மாவின் மகன்களுக்கு இதே பாதிக்குப் பாதி வாய்ப்புதான். அம்மா வெகுநேரம் பேசவில்லை. வண்டியில் ஏறிய பிறகு, “இத்தனை வருஷமா உங்கப்பாவைத்தானே எல்லாரும் சொன்னாங்க” என்றார்.

2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மரபணுச் சிகிச்சை ஆர்பிஇ65 மரபணுவுக்கானது, எனக்குப் பயன்படாது. ஆர்பிஜிஆருக்கான சிகிச்சை மருத்துவ ஆய்வுகளில் சோதிக்கப்பட்டு வருகிறது. மரபணு எதுவென்று தெரியாமல் அந்த வரிசையில் நிற்கக்கூட முடியாது என்பதால், இவ்வளவு அலைந்ததை நான் குறையாக நினைக்கவில்லை.

தங்கைக்கு ஆறு வயது மகன் இருக்கிறான். அவள் விழித்திரையில் அந்தப் பொன் மினுமினுப்பு இல்லை. ஆனால் அது இல்லாமலும் மரபணுவைச் சுமக்கலாம் என்று மரபணு ஆலோசகர் சொல்லிவிட்டார். போன வாரம் இரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.